மூக்கு மேஸ்திரி வாங்கிய கிளி

மாசானம் இறந்த அன்று லைன் வீட்டு வாசலில் கூடியவர்கள் அவருடைய மூக்கைப் பற்றித்தான் பேசினார்கள். கிளியைப் பற்றி ஒருவரும் வாய் திறக்கவில்லை. தெரியாததால் அல்ல. அங்கே நின்றவர்களில் ஆறு பேர் அந்தக் கிளியால் உயிரோடு இருப்பவர்கள்.

அவர் எண்ணெய் டாங்கி கழுவும் கோஷ்டிக்கு மேஸ்திரி. சொந்த ஊர் திருச்செந்தூருக்குத் தெற்கே ஒரு செம்மணல் தேரிக்காடு. பதினேழு வயதில் பட்டணம் வந்தார். மாமாவின் வெல்லக் கடையில் இரண்டு வருடம் மூட்டை தூக்கினார். தராசுக்கும் தனக்கும் ஒத்துவராது என்று கண்டுகொண்டு, கொருக்குப்பேட்டையில் ஒரு எண்ணெய்க் கிடங்கில் கூலிக்குச் சேர்ந்தார். சாகும்வரை அங்கேதான்.

ரயில் பாதையை ஒட்டி வரிசையாக இரும்பு டாங்கிகள், ஒவ்வொன்றும் மூன்று மாடி உயரம். எண்ணெயைக் காலி செய்த பிறகும் அடியில் முழங்கால் அளவு மண்டி தங்கியிருக்கும். ஆட்கள் உள்ளே இறங்கி வாளியில் அள்ள வேண்டும். எண்ணெய் ஆவி உள்ளே தேங்கி நின்றால் ஆள் மயங்கிவிடுவான். விளக்கை இறக்கிப் பார்க்கவும் முடியாது, டாங்கியே வெடிக்கும். அதனால் கோஷ்டிக்கு ஒரு நல்ல மூக்கு தேவை.

அந்த மூக்கு மாசானத்துடையது. டாங்கியின் உச்சியில் இருக்கும் வாயைத் திறந்து, தலையை உள்ளே விட்டு, ஒரே ஒரு மூச்சு இழுப்பார். "நாளைக்கு" என்பார். அல்லது "எறங்கு" என்பார். பத்தொன்பது வருடம் அவர் சொல் பிசகவில்லை. மூக்குக்காகப் பீடியைத் தொடவில்லை, பொடி போடவில்லை. வீட்டில் கருவாடு வறுக்கும் நாளில் தெருமுனையில் போய் நிற்பார்.

"நா ஆளுக்கா சோறு பொங்குதேன்? மூக்குக்குல்லா பொங்குதேன்" என்பாள் அவர் மனைவி ஆவுடையம்மாள்.

ஐம்பத்தொன்றாம் வருடம், ஐப்பசி. ஒன்பதாம் நம்பர் டாங்கி. சித்திரையிலேயே கழுவி, காற்றுக் குழாய்களுக்கும் தகடு வைத்து முடுக்கி மூடிய டாங்கி. உள்ளே சாயம் அடிப்பதற்காகத் திறந்தார்கள். மாசானம் தலையை விட்டு முகர்ந்தார். எண்ணெய் வாடை துளியும் இல்லை. கிணற்றில் குனிந்தது போல ஈர இரும்பு வாடை மட்டும்.

"எறங்கு" என்றார்.

கோஷ்டியைச் சேர்ந்த கருணாகரன் இறங்கினான். அடிக்கு எட்டுப் படி இருக்கும்போது ஏணியை விட்டுவிட்டான். கத்தவில்லை. அவனைத் தூக்க ஜெயவேல் இறங்கினான். அவனும் கத்தவில்லை. மூன்றாவதாக மாசானம் காலை உள்ளே வைத்தபோது வரதன் அவரை இடுப்போடு கட்டிப் பிடித்துப் பின்னால் இழுத்துத் தகரத்தின் மேல் தள்ளினான்.

கருணாகரனின் மனைவி கன்னியம்மா அவரைத் திட்டவில்லை. பிணத்தின் தலைமாட்டில் உட்கார்ந்தபடி, "வாடையே வர்லியா மேஸ்திரி?" என்று கேட்டாள்.

"வரல."

அதன் பிறகு குழாயடியில், ரேஷன் கடையில், எங்கே எதிர்ப்பட்டாலும் அவள் அதே கேள்வியை அதே குரலில் கேட்டாள். குசலம் விசாரிப்பது போல. அவரும் ஒவ்வொரு முறையும் நின்று பதில் சொன்னார். "வரல தாயி."

அவர் மூக்கை அவரே நம்பாமல் போனார். ஆனால் மூக்கை விட்டால் கோஷ்டிக்கு வேறு கதி இல்லை. மிச்சம் ஆறு பேர் தினமும் அவர் முகத்தைப் பார்த்துத்தான் இறங்கினார்கள்.

வடக்கே நிலக்கரிச் சுரங்கத்தில் பத்து வருடம் இருந்துவிட்டு வந்த ஒருவன்தான் கிடங்கு வாசல் டீக்கடையில் வைத்து வழி சொன்னான். "கூண்டுல குருவிய வுட்டுப் பாப்பாங்க, நைனா. அது வுழுந்தா மன்சன் எறங்கக் கூடாது. மாசத்துக்கு ஒண்ணு போவும். அவ்ளோதான் செலவு."

மாசானம் கணக்குப் போட்டார். மூர் மார்க்கெட்டில் பச்சைக்கிளி ஒன்று பன்னிரண்டு அணா. வருடத்துக்குப் பன்னிரண்டு கிளி, ஒன்பது ரூபாய். தாங்கும். ஒன்று வாங்கிவந்து, மேல்வாய், கீழ்வாய் இரண்டும் திறந்து காற்று ஓடிக்கொண்டிருந்த ஒரு டாங்கியில், ஆட்கள் உள்ளே உட்கார்ந்து சோறு தின்றுகொண்டிருக்கும்போதே இறக்கிப் பார்த்தார். கிளி கம்பியில் மோதி மோதி அடித்துக்கொண்டது. பாதி தூரத்தில் மல்லாந்துவிட்டது.

வரதன் சோற்றுக் கையோடு வந்து பார்த்தான். "காத்து நல்லாத்தான் கீது மேஸ்திரி. இது உன் மூஞ்சியப் பாத்துட்டு செத்துச்சு."

எல்லோரும் சிரித்தார்கள். மாசானத்துக்கு விஷயம் புரிந்துவிட்டது. காட்டில் பிடித்த பறவை பயத்தில் விழுகிறதா, காற்றில் விழுகிறதா என்று சொல்ல முடியாது. அளக்கிற சாமான் தானே ஆடக் கூடாது. முட்டையிலிருந்து மனிதன் கையில் வளர்ந்த கிளி வேண்டும். அப்படி வளர்ப்பவர் ராயபுரத்தில் ஒருவர்தான் இருப்பதாகச் சொன்னார்கள். ஒரு கிளி இருபது ரூபாய். கூண்டு தனி.

அவருடைய கூலி நாளைக்கு இரண்டேகால் ரூபாய். மாதத்தில் இருபது நாள் வேலை இருந்தால் பெரிது. ஞாயிற்றுக்கிழமை ஆட்டுக்கறியை நிறுத்தினார். மத்தியான டீ நின்றது. தீபாவளிக்கு எடுக்காமல் விட்ட வேட்டி பொங்கலுக்கும் வரவில்லை. துறைமுகத்து குடோன் ஒன்றுக்கு வெள்ளையடிக்க ஞாயிறுதோறும் போனார். ஐந்து மாதத்தில் இருபத்தாறு ரூபாய் சேர்ந்தது.

ஆவுடையம்மாளுக்கு அப்போதுதான் தெரிந்தது.

"கிளியா? இருவது ரூவாய்க்கு ஒரு ஆட்டுக்குட்டி வாங்கலாம்லா. பால் தராட்டி கறியாவது தரும். கிளி என்ன தரும்?"

"பேசும்."

"பேசத்தான் நா இருக்கேனே."

"பிள்ளைக்கு வாங்குதேன். அவளும் ஒத்தையாத்தான கெடக்கா."

மகள் சிவந்திக்கு ஒன்பது வயது. ஆவுடையம்மாள் அவரை நேராகப் பார்த்தாள். டீக்கடைப் பேச்சு அவள் காதுக்கும் வந்திருந்தது. "சரி. பிள்ளைக்குன்னு சொல்லிட்டீக. அப்போ அது பிள்ளையோடதுதான். பெறவு பேச்சு மாறக் கூடாது."

பங்குனி மாதம் ஒரு காலையில் ராயபுரம் போனார்.

ஜாபர் பாயின் வீடு ரயில் பாதைக்கும் கடலுக்கும் நடுவே ஒரு முட்டுச்சந்தின் கோடியில் இருந்தது. பாய் முன்பு கப்பலில் கரி தள்ளியவர். அந்த வீட்டில் முப்பது கிளிகள் இருப்பதாகப் பேச்சு. மாசானம் சந்து முனையில் நின்று காதைத் தீட்டிக்கொண்டு கேட்டார். கீச்சென்று ஒரு சத்தம் இல்லை. வீடு மாறி வந்துவிட்டோமோ என்று நினைத்தார்.

உள்ளே சுவர் முழுக்க மண்பானைகள் வாய் முன்னால் இருக்கும்படி தொங்கின. ஒவ்வொரு வாய்க்கும் சாக்குத் திரை. பாய் நடக்க நடக்கத் திரைகள் ஒன்றன்பின் ஒன்றாக ஓரத்தில் விலகின. ஒவ்வொரு விலகலிலும் ஒரு கண்.

"கத்தாதா பாய்?"

"இன்னாத்துக்குக் கத்தணும்? ஒண்ணு குரல ஒண்ணு கேக்காம வளக்கறேன். மன்சன் குரல்தான் அதுக்குத் தெரியும்." பாய் திரும்பினார். "நீ கிளி ஜோசியக்காரனா? றெக்கைய வெட்றவனுக்கு நான் குடுக்கறதில்ல."

"இல்ல பாய். டாங்கி கழுவுறவன்."

"டாங்கி கழுவறவனுக்குக் கிளி இன்னாத்துக்கு?"

"மகளுக்கு."

பாய் ஒரு திரையைத் தூக்கி ஒரு குஞ்சை எடுத்தார். இறகு முளைத்து முடியவில்லை. உள்ளங்கையில் அசையாமல் உட்கார்ந்தது. இதுதான் என்று மாசானம் அப்போதே முடிவு செய்தார். ஆனால் குஞ்சு அவரைப் பார்க்கவில்லை. அவருடைய இடது தோளுக்கு மேலே பார்த்தது. பிறகு வலது தோளுக்கு மேலே. மறுபடியும் இடது.

பாய் குஞ்சைக் கையில் வைத்துக்கொண்டே வாசல்வரை போனார். சந்தை எட்டிப் பார்த்தார். திரும்பி வந்தார்.

"நீ தனியாத்தானே வந்தே?"

"ஆமா பாய்."

பாய் குஞ்சை அவர் பக்கம் நீட்டினார். "பதினெட்டு குடு, போதும்" என்றார். மாசானம் பேரம் பேசவே இல்லை. ரூபாயை வாங்கும்போது பாய் விரல் அவர் விரலில் படாமல் வாங்கினார்.

"ஒண்ணு சொல்றேன், கேட்டுக்கோ. இது ஒண்டியா வளந்த கிளி. பதில் வராத எடத்துல இது பேசாது. பதில் வந்துச்சுன்னா நிறுத்தாது. எங்க வெக்கறேன்னு பாத்து வை."

சிவந்தி அதற்குப் பச்சை என்று பேர் வைத்தாள். ஊறவைத்த கடலையை மென்று ஊட்டினாள். பள்ளிக்கூடம் விட்டு வந்தால் அவள் தோளில்தான் இருக்கும். ஆடி மாதம் பேச ஆரம்பித்தது. சிவந்தி கற்றுக்கொடுத்த எதையும் அது பேசவில்லை. அந்த ஐப்பசிக்குப் பிறகு ஆவுடையம்மாளுக்கு ஒரு பழக்கம் வந்திருந்தது. சாயங்காலம் வாசற்கதவு அசைந்தால் அடுப்படியிலிருந்தே "வந்தாச்சா?" என்று குரல் கொடுப்பாள். கிளி அதை எடுத்துக்கொண்டது. அலகை 'டக்' என்று ஒருமுறை தட்டும். பிறகு "வந்தாச்சா?" என்று கேட்கும். யாராவது ஏதாவது பதில் சொன்னால் மறுபடி 'டக்', மறுபடி "வந்தாச்சா?"

ஆவணியில் மாசானம் கூண்டைத் துண்டால் மூடி வேலைக்கு எடுத்துப் போனார். சிவந்தி பள்ளிக்கூடத்தில் இருந்தாள். ஆவுடையம்மாள் வாசலில் நின்றாள். பேச்சு மாறிவிட்டதை அவள் சொல்லிக் காட்டவில்லை.

"பிள்ள வாரதுக்குள்ள வந்துரணும்" என்றாள். "ரெண்டு பேரும்."

கூண்டைக் கயிற்றில் கட்டி மேல்வாய் வழியாக இறக்கினார்கள். பத்தடிக்குக் கீழே இருட்டு. கிளி விழுந்ததா, உட்கார்ந்திருக்கிறதா என்று கண்ணால் பார்க்க முடியாது. மாசானம் திகைத்து நின்றபோது கீழேயிருந்து வந்தது: "வந்தாச்சா?" டாங்கியின் சுவர் அதைத் திருப்பிச் சொன்னது. கிளி அதைப் பதில் என்று எடுத்துக்கொண்டது. மறுபடி கேட்டது. டாங்கி மறுபடி சொன்னது. அப்படியே போய்க்கொண்டிருந்தது.

அதிலிருந்து வேலைக்கு ஒரு முறை பிறந்தது. கூண்டை அடிவரை இறக்கு. கால் மணி நேரம் கேள். பேச்சு இருந்தால் ஆள் இறங்கலாம். நின்றால் கயிற்றை இழு.

"மேஸ்திரி, மூக்குக்கு லீவு குட்த்துட்ட. இன்னிமேட்டு காது மேஸ்திரிதான் நீ" என்றான் வரதன்.

நான்கு டாங்கிகள் அப்படி முடிந்தன. ஒவ்வொரு நாளும் சிவந்தி வீடு திரும்புமுன் கூண்டு அதன் ஆணியில் தொங்கியது. ஆட்கள் கிளியின் பேச்சைக் கேட்டபடியே வெற்றிலை போடப் பழகிவிட்டார்கள். பேச்சு காதில் விழுகிறதா என்று மட்டும் பார்த்தார்கள். யார் பேசுகிறார்கள் என்று பார்க்கும் தேவை வரவில்லை.

மார்கழியில் கம்பெனி ஒன்பதாம் நம்பரைத் திறக்கச் சொன்னது. இரண்டு பிணங்களை எடுத்தபின் தகடு போட்டு முடுக்கியது முடுக்கியபடி ஒரு வருடத்துக்குமேல் கிடந்தது. போல்ட்டுகள் துருவேறி இறுகியிருந்தன. சுத்தியால் அடித்துத்தான் கழற்றினார்கள். மேல்வாய் திறந்ததும் மாசானம் பழக்கத்தில் தலையை விட்டார். ஈர இரும்பு வாடை. வேறொன்றும் இல்லை. போன முறை இருந்த அதே வாடை.

கூண்டை இறக்கினார்கள்.

'டக்'. "வந்தாச்சா?"

பதில் வரவில்லை. ஆட்கள் ஒருவரை ஒருவர் பார்த்தார்கள். பிறகு வந்தது. "வந்தாச்சா?"

"இன்னா மேஸ்திரி இது" என்றான் வரதன். "மத்த டாங்கி ஒடனே திருப்பிச் சொல்லும். இது ரோசன பண்ணிட்டு சொல்லுதே."

"கயித்தப் பாரு. பேசாத."

கூண்டு அடியைத் தொட்டது. கீழே கேள்வியும் பதிலும் நடந்தன. கேள்வி, இடைவெளி, பதில். ஐந்து நிமிடம். எட்டு நிமிடம். பேச்சு தெளிவாக இருந்தது. கால் மணி ஆகும்வரை பொறுக்காமல் வரதன் துண்டை இடுப்பில் இறுக்கிக் கட்டி, உள்ளங்கையில் துப்பித் தேய்த்துக்கொண்டு, ஏணியின் முதல் படியில் காலை வைத்தான். இரண்டாம் படி. அவன் மார்புவரை உள்ளே போய்விட்டான்.

"வந்தாச்சா?"

மாசானம் கையைத் தூக்கினார். அந்தக் கிளியோடு எட்டு மாதம் ஒரே அறையில் தூங்கியவர் அவர். காதைத் தகரத்தில் வைத்தார்.

"வந்தாச்சா?"

அலகு தட்டும் சத்தம் இல்லை. எவ்வளவு நேரமாக இல்லை என்று அவருக்குத் தெரியவில்லை. கேள்வி நின்றுபோயிருந்தது. இத்தனை நேரமும் மேலே வந்துகொண்டிருந்தது பதில் மட்டும்.

"வரதா, ஏறு! ஏறுடா மேல!"

வரதன் கையைப் பிடித்து ஒருவன் இழுத்தான். மாசானம் கயிற்றைக் கைமாற்றி மாற்றி இழுத்தார். கூண்டு வெளிச்சத்துக்கு வந்தது. கிளி தரையில் ஒருக்களித்துக் கிடந்தது. கண்ணைச் சாம்பல் தோல் மூடியிருந்தது. அவர் அதைக் கையில் எடுத்துக் கடல்காற்று அடிக்கும் பக்கமாக ஓடினார். அலகைத் திறந்து ஊதினார். விரலால் மார்பைத் தட்டினார். பத்து நிமிடம் ஆனது, அது ஒரு நகத்தை அசைக்க.

அவர் மூச்சு விட்டு நிமிர்ந்தார். திறந்து கிடந்த டாங்கி வாயிலிருந்து குரல் வந்தது.

"வந்தாச்சா?"

ஏழு பேரும் கேட்டார்கள். கிளி மாசானத்தின் கையில் இருந்தது. வரதன் போய் மூடியைக் காலால் தள்ளி வாயை அடைத்தான்.

சிவந்தி பின்னாளில் ரசாயனம் படித்தாள். இரும்பு துருவேறும்போது காற்றில் உள்ள பிராணவாயுவைத் தின்கிறது. மூடிய டாங்கியில் மாதக்கணக்கில் தின்றால், உள்ளே போகிறவனுக்கு மிச்சம் இராது. அதற்கு வாடை கிடையாது. மாசானத்தின் மூக்கு ஒருநாளும் பிசகவில்லை. மூக்கால் சொல்லக்கூடிய விஷயம் அல்ல அது. இதை அவள் அவரிடம் சொல்வதற்குள் அவர் இறந்துவிட்டார். வரதன் பிற்பாடு சொல்லித் தெரிந்த அந்தக் குரலுக்கும் அவள் கணக்குப் போட்டுப் பார்த்தாள். அந்த அளவுள்ள இரும்பு டாங்கியில் ஒரு சத்தம் பத்துப் பன்னிரண்டு வினாடி நிற்கும். கூண்டு மேலே வந்து, கிளிக்கு உயிர் திரும்ப, பத்து நிமிடத்துக்குமேல் ஆகியிருந்தது. அதற்குச் சூத்திரம் இல்லை.

அன்று மாசானம் வீடு சேர நேரமாகிவிட்டது. சிவந்தி வாசலில் நின்றாள். கூண்டை வாங்கிக்கொண்டாள். கிளியைத் தோளில் வைத்தாள். அது எதுவும் கேட்கவில்லை. கால் நகத்தில் செந்நிறத் தூள் ஒட்டியிருந்தது. அவள் அதை விரலில் எடுத்துப் பார்த்தாள்.

"அப்பா, இத எங்க கொண்டு போனீக?"

அவரால் பொய் சொல்ல முடியவில்லை. கயிறு, டாங்கி, இருட்டு, எல்லாவற்றையும் சொன்னார். குரல் வந்ததை மட்டும் சொல்லவில்லை.

"இது செத்துப் போயிருந்தா?"

"வரதன் மாமா எறங்கியிருக்க மாட்டாரு. நானும் எறங்கியிருக்க மாட்டேன்."

"கருணா மாமா எறங்குன அன்னைக்கு இது இல்லியே. அதான் செத்தாகளா?"

"ஆமா மக்ளே."

சிவந்தி வெகுநேரம் கிளியின் தலையைச் சொறிந்துகொண்டிருந்தாள். அழவில்லை. பிறகு அதைக் கூண்டில் விட்டாள். கதவைச் சாத்தினாள். கூண்டை இரண்டு கையாலும் தூக்கி அவர் முன்னால் வைத்தாள்.

"அப்போ நாளைக்கும் கொண்டு போங்க."

ஆவுடையம்மாள் அடுப்பைப் பார்த்தபடி இருந்தாள். மாசானம் அன்று சாப்பிடவில்லை.

மறுநாள் டாங்கியின் கீழ்வாயைத் திறந்தார்கள். இரண்டு வாயும் திறந்து கிடக்க, மூன்று நாள் கடல்காற்று உள்ளே ஓடியது. நான்காம் நாள் ஒப்பந்தக்காரரின் ஆள் வந்தான். இன்று இறங்காவிட்டால் நாளைக்குத் திருவொற்றியூரிலிருந்து வேறு கோஷ்டி வரும் என்றான்.

மாசானம் அன்று வெறுங்கையோடு வந்திருந்தார்.

"கிளி எங்க மேஸ்திரி?"

"அது பிள்ளையோடது" என்றார். கூண்டுக் கயிற்றை எடுத்துத் தன் இடுப்பில் கட்டினார். "கீழ்வாயில தலைய நீட்டிப் பாக்கதுல்லாம் வேண்டாம். நா மேலயிருந்து எறங்குதேன். அன்னைக்கு அவுக எறங்குன மாரியே. பேசிகிட்டே எறங்குவேன். பேச்சு நின்னா இழுங்க."

"நைனா, வேணாம். உனுக்கு ஒரு பொண்ணு கீது" என்றான் வரதன்.

"உனக்கு மூணு கீது. புடிடா கயித்த."

இறங்கினார். ஆறு பேரும் வாயைச் சுற்றிக் குந்தி உட்கார்ந்தார்கள். முதலில் படியை எண்ணினார். "நாலு. அஞ்சு. ஆறு. மூச்சு சரியா இருக்கு. ஏழு." குரல் இரும்பில் பட்டுப் பெருகி மேலே வந்தது. பாதி இறங்கியதும் எண்ணுவதை நிறுத்தி வேறு பேசினார். "கருணா, நாந்தான். வாடை வரலடே. வந்திருந்தா விட்டிருப்பேனா?"

நிறுத்தினார். வரதன் கயிற்றை இறுக்கினான். உடனே குரல் வந்தது. "ஆமா. அவ கேட்டுக்கிட்டுத்தான் இருக்கா. நானும் சொல்லிக்கிட்டுத்தான் இருக்கேன்."

மறுபடி நிறுத்தினார். மறுபடி பேசினார். ஜெயவேலின் தங்கச்சிக்குக் கல்யாணம் ஆனதைச் சொன்னார். மாப்பிள்ளைக்கு ரயில்வேயில் வேலை என்றார். ஒவ்வொரு பேச்சுக்கும் நடுவே ஒரு இடைவெளி. வரதன் அந்த இடைவெளிகளைக் கவனித்தான். எல்லாம் ஒரே நீளம். அன்று கிளி கேட்டதற்கும் பதில் வந்ததற்கும் நடுவே இருந்த அதே நீளம். மேலே இருந்தவர்களுக்கு மாசானத்தின் குரல் மட்டுமே கேட்டது.

பிறகு ஒரு இடைவெளி முடியவில்லை.

வரதன் பத்து எண்ணினான். இருபது எண்ணினான். "இழுங்கடா!" என்று கத்தினான். ஆறு பேரும் சேர்ந்து இழுத்தார்கள். கயிறு கனத்தது. பாதியில் கீழேயிருந்து ஒரு கெட்ட வார்த்தை கேட்டது. மாசானம் ஏணியைப் பிடித்து, தானே காலை ஊன்றி ஏறி வந்துகொண்டிருந்தார். வாய்க்கு வெளியே தலை வந்தது. முகம் சிவந்திருந்தது. மூச்சு ஒழுங்காக இருந்தது.

"எதுக்குடா இழுத்தீங்க?"

"பேச்சு நின்னுபூட்ச்சே, மேஸ்திரி! நீதானே சொன்னே!"

"என் முறை இல்லடா. அதான் பேசாம இருந்தேன்."

அவர் இடுப்பு முடிச்சை அவிழ்க்க முயன்றார். ஈரத்தில் இறுகியிருந்தது. வரதன் குனிந்து அவிழ்த்துவிட்டான். முகத்தை நிமிர்த்தாமலே கேட்டான்.

"இன்னா சொன்னாங்க?"

மாசானம் கைகளைத் துண்டில் துடைத்தார். துருத்தூள் துண்டில் செம்மையாக இறங்கியது.

"எறங்கலாம்னு சொன்னாங்க."

ஆறு பேரும் அவர் முகத்தைப் பார்த்தார்கள். பத்தொன்பது வருடம் பார்த்த அதே முகம். வரதன் துண்டை அவர் கையிலிருந்து வாங்கித் தன் தலையில் கட்டிக்கொண்டு முதலில் இறங்கினான். மற்றவர்கள் ஒவ்வொருவராகப் பின்னால் போனார்கள். துருவைச் சுரண்டிச் சாயம் அடித்து முடிக்கப் பதினாறு நாள் ஆனது. ஒருவரும் விழவில்லை. பதினாறு நாளும் உள்ளே ஒருவரும் வாய் திறந்து பேசவில்லை. வாளி வேண்டுமென்றால் கையைக் காட்டினார்கள்.